செம்மஞ்சள் சட்டையின் கதையைத் தமிழில் சொல்லுங்கள்

கனடாவில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்திவரும் அதிபர்கள், ஆசிரியர்கள், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

போன செப்டெம்பர் கடைசி வாரம். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் செம்மஞ்சள் சட்டையோடு வீட்டுக்கு வந்தாள். அன்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அந்த நிறம்தான். மறுநாள் தமிழ் வகுப்புக்கும் அதையே போடலாமா என்று கேட்டாள். சரி என்றேன். வகுப்பில் அந்தச் சட்டையைப் பற்றி ஆசிரியரிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். "அது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பாடம், நாங்கள் இப்ப எங்கட பாடத்தைப் பார்ப்பம்" என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை நித்திரையை விட்டெழும்பி வந்து பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிறவர். என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் இருக்கையிலிருந்து அவள் கேட்ட கேள்விக்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியவில்லை.

"அம்மா, அந்தப் பிள்ளையள் தங்கட பாஷை கதைச்சா பள்ளிக்கூடத்தில அடிச்சவையாம். நான் இங்கிலீஷ் கதைச்சா நீங்கள் ஏசுறீங்கள். ரெண்டும் ஒண்டா?"

இல்லை என்று உடனே சொன்னேன். ஏன் இல்லை என்று கேட்டாள். எனக்குத் தமிழில் சொல் வரவில்லை. சொல் மட்டுமா, விசயமே சரியாகத் தெரியவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடமாக இதை வாசித்தும் கேட்டும் போய்ப் பார்த்தும் வந்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. செப்டெம்பர் 30க்கு முந்திய சனிக்கிழமை, உங்கள் பாடசாலையில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த, கனடாவின் வதிவிடப் பாடசாலைகளின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

சட்டையிலிருந்தே தொடங்குகிறேன். 1973ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டாக் கிரீக் என்ற இடத்தில் பாட்டியோடு இருந்த ஆறு வயதுப் பிள்ளை ஃபிலிஸ் வெப்ஸ்டாட். பள்ளிக்கூடம் போகப்போகிறாள் என்று பாட்டி வில்லியம்ஸ் லேக் ஊருக்குக் கூட்டிப்போய், அவள் ஆசைப்பட்ட சட்டையை வாங்கிக்கொடுத்தார். பளிச்சென்ற செம்மஞ்சள், முன்பக்கம் கயிறு கோத்துக் கட்டுவது. செயின்ட் ஜோசப் மிஷன் பாடசாலைக்குப் போன முதல் நாளே அவளுடைய உடுப்பையெல்லாம் கழற்றி வாங்கிவிட்டார்கள். அந்தச் சட்டை திரும்ப அவள் கைக்கு வரவேயில்லை. 40 வருடம் கழித்து, 2013இல், அவர் இதை ஊருக்குச் சொன்னபோதுதான் செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கியது. செப்டெம்பர் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளை வீடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போன காலம் அது. 2021 முதல் செப்டெம்பர் 30 நாடு முழுவதற்கும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக இருக்கிறது.

ஒரு சட்டையைக் கழற்றியதற்கா இவ்வளவு என்று யாருக்காவது தோன்றலாம். அந்தப் பாடசாலைகள் செய்த வேலை முழுவதும் அந்தக் கழற்றலில் அடங்கியிருந்தது. வீட்டார் உடுத்திவிட்டதைக் கழற்றினார்கள். தலைமுடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள், பல இடங்களில் இலக்கம் கொடுத்தார்கள். அக்காவை ஒரு பக்கம், தம்பியை ஒரு பக்கம் வைத்தார்கள். அதற்குப் பிறகு, வாயில் இருந்த பாஷையை எடுத்தார்கள்.

படிப்புக்கென்று நல்ல மனதோடு தொடங்கி நடுவழியில் கெட்டுப்போன காரியம் அல்ல இது. 1879இல் நிக்கலஸ் ஃப்ளட் டேவின் என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய பாடசாலைகளைப் பார்த்துவரச் சொன்னது கனடா அரசு. 1883இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் நாடாளுமன்றத்தில் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். பாடசாலை ஊருக்குள்ளேயே இருந்தால் பிள்ளை பெற்றோரோடுதான் வாழும், எழுதப் படிக்கத் தெரிந்தாலும் அதன் பழக்கமும் நினைப்பும் மாறாது, ஆகவே பெற்றோரிடமிருந்து தூரமாகக் கொண்டுபோக வேண்டும் என்றார். பேட்டில்ஃபோர்ட், கப்பெல், ஹை ரிவர் என்று மேற்கில் மூன்று பாடசாலைகள் அப்போது தொடங்கின. அரசு பணம் கொடுத்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் சபைகள் நடத்தின. 1920இல் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள் கட்டாயம் போகவேண்டும் என்றார்கள். பூர்வகுடி விவகாரத் திணைக்களத்தின் தலைமை அதிகாரி டங்கன் காம்பெல் ஸ்கொட் அதே வருடம் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியதை எல்லோரும் வாசிக்கவேண்டும். கனடாவின் உடலோடு கலந்து கரைந்துபோகாத ஒரு பூர்வகுடி மனிதர்கூட மிச்சமில்லை என்ற நிலை வரும்வரை தொடர்வதே தங்கள் நோக்கம் என்றார் அவர்.

நூறு வருடத்துக்கும் மேல் நடந்தது. பின்னாளில் வந்த இழப்பீட்டு உடன்படிக்கையில் 139 பாடசாலைகள் இடம்பெற்றன. ஏறக்குறைய 1,50,000 பிள்ளைகள் அவற்றுக்குள் போனார்கள். முதற்குடிகள், மெற்ரி, இனுயிட் என்று எல்லாப் பூர்வகுடிகளின் பிள்ளைகளும்.

இதில் பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. நிர்வாகக் குழுவில் இருக்கும் உங்களுக்கு அது சட்டென்று விளங்கும். 1892இலிருந்து அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் பணம் குறையும். அதனால் காசநோய் உள்ள பிள்ளையையும் சேர்த்தார்கள். நெருக்கமான படுக்கைகள், காற்றோட்டமில்லாத அறைகள், குறைந்த சாப்பாடு. பாதி நாள் பாடம், பாதி நாள் வயல் வேலை, சமையல், சலவை. 1907இல் திணைக்களத்தின் தலைமை மருத்துவர் பீட்டர் பிரைஸ் 35 பாடசாலைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். கணக்கில் வந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருந்தார். விவரங்களை முழுமையாகத் தந்த ஒரு பாடசாலையில், படித்து வெளியேறியவர்களில் 69 வீதம் பேர் உயிரோடு இல்லை. என்ன செய்யவேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அவரையே வேலையிலிருந்து ஓய்வு பெறவைத்தார்கள். 1922இல் சொந்தமாக ஒரு சிறு நூலை அச்சிட்டு, நடந்தது தேசியக் குற்றம் என்று தலைப்பிலேயே எழுதினார். பிரைஸும் ஸ்கொட்டும் இன்று ஒட்டாவாவில் ஒரே மயானத்தில், பீச்வுட்டில், கிடக்கிறார்கள். 1907இலேயே அரசின் மேசைக்கு வந்துவிட்ட கணக்கு இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது என்ற பேச்சு உண்மையில்லை.

இறந்த பிள்ளைகளில் 4,100க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இன்று தேசிய நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. இந்தப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, பதிவான மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இறந்த பிள்ளையின் பெயரை அரசும் எழுதவில்லை, பாடசாலையும் எழுதவில்லை. பாதிக்கு என்ன காரணத்தால் இறந்தது என்று எழுதவில்லை. உடலை ஊருக்கு அனுப்பச் செலவாகும் என்று பெரும்பாலும் பாடசாலைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். 2021 மே 27 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை இருந்த இடத்தில் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் மூலம் அடையாளமற்ற புதைகுழிகள் இருக்கக்கூடும் என்ற செய்தி வந்ததிலிருந்து, தோண்டிப் பார்த்தார்களா, எலும்பு கிடைத்ததா என்று கேட்டு எல்லாவற்றையும் மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் நம்மவர்களும் அதை அனுப்புகிறார்கள். எனக்கும் வந்தது. தோண்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு. பிள்ளைகள் இறந்தார்கள் என்பதற்கு அரசின் சொந்தக் கடிதங்களும் பதிவேடுகளும் போதும்.

பெரிய கணக்குகளை விட ஒரு பிள்ளையின் கதை மனதில் நிற்கும். சேனி வென்ஜாக். ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பையன், 12 வயது. கெனோராவில் இருந்த செசிலியா ஜெஃப்ரி பாடசாலையில் சார்லி என்று வேறு பெயர் சொல்லி அழைத்தார்கள். 1966 ஒக்டோபரில் அங்கிருந்து ஓடிப்போனான். வீடு 600 கிலோமீற்றருக்கு அப்பால். எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அப்பாவிடம் போய்விடலாம் என்று நடந்தான். மெல்லிய உடுப்பு. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகள். ஒக்டோபர் 23 அன்று தண்டவாளத்தின் ஓரத்தில் குளிரில் விறைத்துக் கிடந்த உடலைத்தான் கண்டெடுத்தார்கள். நம் ஒன்ராறியோவில்தான் இது. 1966 என்றால் நம் பெற்றோரில் பலர் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடம்.

இவற்றை மகளுக்குத் தமிழில் சொல்லப் போனபோதுதான் முதல் சிக்கல் வந்தது. நம் காதுக்கு 'போர்டிங் பள்ளிக்கூடம்' நல்ல சொல். யாழ்ப்பாணத்தில் வசதியுள்ளவர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் போன இடம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையிலும் 1824இல் உடுவிலிலும் தொடங்கியவை பற்றி இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். வதிவிடப் பாடசாலை என்று நான் சொன்னதும், ஊரில் விடுதியில் இருந்து படித்த என் அம்மா கேட்டது இது: "பாதிரிமார் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிச்சவைதானே, அதில என்ன பிழை?"

அம்மாவின் கேள்வியில் வஞ்சகம் இல்லை. அவர் கண்ட மிஷன் வேறு. யாழ்ப்பாணத்தில் நம் பிள்ளைகளுக்கும் அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை வைத்தார்கள், மதம் மாறும்படி நெருக்கினார்கள், அதை எதிர்த்து நம்மவர்கள் சொந்தப் பாடசாலைகள் தொடங்கினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மிஷனரிமார் தமிழ் படித்தார்கள். வின்சுலோ தமிழ் அகராதி தொகுத்தார், சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். எல்லாவற்றையும் விட முக்கியம், பிடிக்காவிட்டால் தகப்பன் போய்ப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிவரலாம். இங்கே தகப்பன் அப்படிச் செய்தால் சட்டம் வந்து நிற்கும். பிள்ளை ஓடிவந்தால் பொலிஸ் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடும்.

ஆகவே ஆசிரியர்களே, வகுப்பில் 'விடுதிப் பள்ளி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வதிவிடப் பாடசாலை என்று ஒருமுறை சொல்லிவிட்டு, 'பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த பாடசாலை' என்று ஒவ்வொரு முறையும் விரித்துச் சொல்லுங்கள். சொல் நீளமாக இருக்கட்டும், பரவாயில்லை. தமிழில் சொல்லவேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவே பாதிக் காரணம். பிள்ளை ஆங்கிலத்தில் படித்துவந்து வீட்டில் சொல்ல, பாட்டி தமிழில் வேறொன்றாக விளங்கிக்கொள்கிறார். நம் வீடுகளில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பேசும் பாஷையில் இந்த வரலாறு இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது விசயம், இது நம் காலத்துக்கு முந்தியது என்ற நினைப்பு. 1983க்குப் பிறகு நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கியபோது இந்தப் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டிருக்கவில்லை. சஸ்காச்சுவானில் கோர்டன் பாடசாலை 1996இல்தான் மூடப்பட்டது. நான் இதை வாசித்த இரவு சரியாக நித்திரை வரவில்லை. அந்த வருடம் நானே இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வகுப்பில் புத்தகப் பையோடு பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தோம், பல பாஷை பேசினோம், வருடத்தில் ஒருநாள் எல்லோரும் தங்கள் தங்கள் ஊர்ச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள்.

இன்னொரு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1977. ஒன்ராறியோ அரசு தாய்மொழி வகுப்புகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய வருடம் அது. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் வீட்டு மொழியை மறக்கக்கூடாது என்று பள்ளிக்கூடக் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொடுத்தது. நம் தமிழ் வகுப்புகளில் பல அந்தத் திட்டத்தில் வளர்ந்தவை. அதற்கு நாம் என்றைக்கும் நன்றியோடு இருக்கவேண்டும். அதே வருடத்தில், இதே நாட்டில், இந்த நிலத்தின் சொந்தப் பிள்ளைகள் தங்கள் மொழி பேசும் வீட்டிலிருந்து தூரத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். வந்தவர்களின் மொழிக்குச் சனிக்கிழமை வகுப்பு, இருந்தவர்களின் மொழிக்கு அது கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபின் நாம் எப்படிப் பேசாமல் இருப்பது?

2021 கணக்கெடுப்பின்படி, 70க்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகளை எல்லாமாகச் சேர்த்து, உரையாடும் அளவுக்குத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 2,37,000 பேர். பல மொழிகளில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் தாத்தா பாட்டிமார் மட்டுமே. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்தெழுத்தாக, சொல்சொல்லாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மொழியை வைத்திருக்க வகுப்பு நடத்துவது என்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை அறிந்தவர்கள் என்ற முறையில்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், யாரும் கோபிக்கவேண்டாம். இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்தில் நாம் நம் கதைக்குப் போய்விடுவோம். எனக்கும் அப்படித்தான் நாக்கு போகிறது. நூலகம் எரிந்ததும், 83உம், முள்ளிவாய்க்காலும் நமக்குள் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு பாடவேளையில் நம் கதை வேண்டாம். 2021 மே மாதத்தில் ஒன்ராறியோவில் தமிழினப் படுகொலைக் கல்வி வாரச் சட்டம் நிறைவேறியது. எங்கள் பிள்ளைகளோடு படிக்கும் மற்றப் பிள்ளைகளும் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளட்டும் என்று கேட்டோம். அதே மாதக் கடைசியில் கம்லூப்ஸ் செய்தி வந்தது. நம் துயரத்தை மற்றவர்கள் தங்கள் துயரத்தோடு ஒப்பிட்டுக் குறுக்காமல், நம்முடையதாகவே கேட்கவேண்டும் என்றுதானே எதிர்பார்த்தோம்? அவர்களுடையதையும் அவர்களுடையதாகவே கேட்போம். அத்தோடு, அவர்களின் இழப்பில் நாம் வெறும் பார்வையாளர் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நாம் வாங்கியிருக்கும் வீடு, வைத்திருக்கும் கடை, கட்டியிருக்கும் கோயில் எல்லாம் அவர்களுடைய நிலத்தில் இருக்கின்றன. நாம் துரத்தவில்லை. ஆனால் துரத்தியதால் காலியான இடத்தில் இருக்கிறோம்.

சரி, ஒரு பாடவேளையில் எதைச் சொல்வது? நான் ஆசிரியர் இல்லை, ஒரு தாயாகத் தோன்றியதை எழுதுகிறேன்.

சின்ன வகுப்புகளில் சாவைப் பற்றிப் பேசத் தேவையில்லை. சட்டைக் கதை போதும். அப்புறம் முகவரி எழுதச் சொல்லுங்கள். கனடா, ஒன்ராறியோ, ரொறன்ரோ, மிசிசாகா. நம் பிள்ளைகள் தமிழில் எழுதப் பழகும் முதல் ஊர்ப் பெயர்கள். நாலும் இந்த நிலத்து மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. கனடா என்றால் ஊர், குடியிருப்பு. ரொறன்ரோ என்பது தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடத்தைக் குறித்த மோஹாக் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். என் மகளுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நாங்கள் அவையின்ர பாஷையும் கொஞ்சம் கதைக்கிறமா?" என்று கேட்டாள். அவ்வளவு போதும் அந்த வயதுக்கு.

பெரிய வகுப்புகளுக்குச் சேனியின் கதை, பிரைஸின் அறிக்கை, ஸ்கொட்டின் பேச்சு, எல்லாவற்றையும் சொல்லலாம். 1948க்கும் 1952க்கும் இடையில் ஆறு பாடசாலைகளில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகளை வைத்துச் சத்துணவு ஆராய்ச்சி செய்தார்கள், அரைப்பசியில் இருப்பது தெரிந்தும் சிலரை அப்படியே விட்டு அளந்து பார்த்தார்கள் என்பதையும் உயர்தர வகுப்பு மாணவர் தாங்குவார்கள். ஆனால் அடிபட்டதை மட்டும் சொல்லி நிறுத்திவிடவேண்டாம். நம்மைப் பற்றி அப்படி மட்டும் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்? 1970இல் அல்பேர்ட்டாவில் புளூ குயில்ஸ் பாடசாலைக்குள் பெற்றோர் போய் உட்கார்ந்துகொண்டு, இனி இதை நாங்களே நடத்துவோம் என்று சொல்லி வென்றார்கள். இன்று அது அவர்களின் பல்கலைக்கழகம். 1990இல் ஃபில் ஃபொன்டெய்ன் என்ற தலைவர் தனக்குச் சிறுவயதில் அங்கே நடந்த கொடுமையை வெளிப்படையாகச் சொன்னார். அவரைப் போன்றவர்கள் வாய் திறந்ததால்தான் வழக்குகள் வந்தன, 2008 ஜூன் 11இல் பிரதமர் ஹார்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர், அனிஷினாபே பூர்வகுடியைச் சேர்ந்த நீதிபதி மரே சின்க்ளேயர், மற்ற இரு ஆணையாளர்களோடு நாடெல்லாம் போய் 6,500க்கும் மேற்பட்டவர்களின் வாயால் கேட்டு, 2015இல் 94 கோரிக்கைகளை முன்வைத்தார். நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது கல்வி, இதிலிருந்து மீட்கப்போவதும் கல்விதான் என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அந்த 94இல் கடைசி இரண்டும் நமக்கானவை. 93ஆவது, புதிதாக வருவோருக்கு இந்த வரலாற்றைச் சொல்லவேண்டும் என்பது. 94ஆவது, குடியுரிமை உறுதிமொழியை மாற்றவேண்டும் என்பது. உறுதிமொழி 2021இல் மாறியது. பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் வசனம் இப்போது அதில் இருக்கிறது. அதற்கு முந்திக் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த நம்மில் பெரும்பாலானோர் அந்த வசனத்தைச் சொன்னதேயில்லை.

சில பாடசாலை நிர்வாகிகளிடம் இதைப் பேசியபோது கிடைத்த பதில்களும் எனக்குத் தெரியும். பாடத்திட்டத்துக்கே நேரம் போதாது என்கிறீர்கள். நவராத்திரி ஒத்திகைக்கும் ஆண்டுவிழாவுக்கும் எத்தனை வகுப்பு போகிறது என்று உங்களுக்குத் தெரியும், அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை, வருடத்தில் ஒரு மணித்தியாலம் கேட்கிறேன். அரசியல் வேண்டாம் என்கிறீர்கள். பிரதமரே மன்னிப்புக் கேட்ட, போப்பாண்டவர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அல்பேர்ட்டாவின் மஸ்குவாச்சிஸ் வரை வந்து மன்னிப்புக் கேட்ட விசயத்தில் எந்தக் கட்சி அரசியல் இருக்கிறது? நம் பெற்றோரில் கத்தோலிக்கர் உண்டு, அவர்கள் மனம் புண்படும் என்று ஒருவர் சொன்னார். நானும் அந்தத் திருச்சபையில் வளர்ந்தவள்தான். எனக்குப் புண்பட்டது, சொன்னதனால் அல்ல, செய்ததனால்.

பெரிய பிள்ளைகளை முடிந்தால் பிரான்ட்ஃபோர்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், நயாகராவுக்குப் போவதைவிடக் கிட்ட. மோஹாக் இன்ஸ்ரிரியூட் என்ற வதிவிடப் பாடசாலை அங்கேதான் 1970 வரை நடந்தது. தினமும் ஒரே கஞ்சியைக் கொடுத்ததால் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'மஷ் ஹோல்', கூழ்க் குழி என்று சொல்லலாம். கட்டடத்தை இடிப்பதா வைத்திருப்பதா என்ற கேள்வி வந்தபோது, அங்கே அடைபட்டிருந்தவர்களும் அவர்களின் சமூகமும், சாட்சியாக நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பின்பக்கச் செங்கற்களில் பிள்ளைகள் தங்கள் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். நான் போனபோது அந்தச் சுவருக்கு முன்னால் கனநேரம் நின்றேன். பெயரை மாற்றிய இடத்தில், யாரும் பார்க்காத பக்கமாகப் போய், ஆணியாலோ கல்லாலோ பெயரை எழுதிவைத்த பிள்ளைகள்.

தமிழில் ஆறு பக்கத்துக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே எடுத்துப் படிப்பிக்கவேண்டாம். முதலில் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை மதிப்போடு அழைத்து, அவருக்கு உரிய கொடுப்பனவும் கொடுத்து, ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டிப் பிழை திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பாடசாலை முன்வந்தாலும் அந்தச் செலவில் பாதியை நான் தருகிறேன்.

கடைசியாக மகளின் கேள்வி. ரெண்டும் ஒன்றா? இந்த ஒரு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு சொல்லியிருக்கிறேன்: "உன்னைத் தமிழ் வகுப்பில் விடுகிறேன், மத்தியானம் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கே தருவது உன் அம்மம்மாவோடு கதைக்கிற பாஷை. அந்தப் பிள்ளைகளிடம் பறித்ததும் அம்மம்மாவோடு கதைக்கிற பாஷைதான்." அதோடு இன்னொன்றும் சொன்னேன், இங்கிலீஷ் கதைத்தாய் என்று இனி ஏசமாட்டேன் என்று. சில வகுப்புகளில் ஆங்கிலம் பேசினால் கால் டொலர் தண்டம் வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதை நீங்களும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். தண்டத்துக்குப் பயந்து வந்த தமிழ் அவர்களோடு நிற்காது.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் பிறகு, "அந்த அம்மம்மாமார் என்ன செய்தவை, பிள்ளையளைத் தேடிப் போகேல்லையா?" என்று கேட்டாள். போனார்கள் என்று சொன்னேன். பாடசாலை வேலிக்கு வெளியே கூடாரம் போட்டுக் காத்திருந்த பெற்றோரின் பழைய படத்தை, 1880களில் கப்பெலில் எடுத்ததை, காட்டினேன். அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருகிற செப்டெம்பரில் அந்தக் கேள்வியோடு உங்கள் வகுப்புக்கு வருவாள், செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அன்புடன்,
தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியின் தாய்
ஸ்காபரோ